79 ரூபாயும் சிவப்பழகும்

2024 டிசம்பரில் மத்திய தில்லி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஒரு தீர்ப்பு வழங்கியது. இமாமி நிறுவனத்தின் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' கிரீமை 79 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒருவர், அட்டையில் சொன்னபடி நாளுக்கு இரண்டு முறை முகத்திலும் கழுத்திலும் பூசியும் தன் நிறம் மாறவில்லை என்று 2013இல் வழக்குத் தொடுத்திருந்தார். 2015இல் ஒரு முறை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் அது திரும்ப அனுப்பப்பட்டு மறுபடி விசாரிக்கப்பட்டது. பதினோரு வருடம் கழித்து, நிறுவனம் 14.5 லட்சம் ரூபாயைத் தண்டனை இழப்பீடாகக் கட்ட வேண்டும், அதன் பெரும்பகுதி நுகர்வோர் நல நிதிக்குப் போக வேண்டும் என்று ஆணையம் சொன்னது.

நிறுவனத்தின் எதிர்வாதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கிரீம் பலன் தர வேண்டுமென்றால் சத்தான உணவு வேண்டும், உடற்பயிற்சி வேண்டும், நல்ல பழக்கங்கள் வேண்டும், சுகாதாரமான சூழல் வேண்டும். அதோடு இது 16 வயது முதல் 35 வயது வரையுள்ள, நோயில்லாத இளைஞர்களுக்கான பொருள். இவ்வளவும் நிபந்தனை என்றால் அதை அட்டையில் ஏன் போடவில்லை என்று ஆணையம் கேட்டது. நியாயமான கேள்வி. பலன் தெரியாவிட்டால் குறை கிரீமில் இல்லை, உன் சாப்பாட்டில், உன் பழக்கத்தில், உன் சுத்தத்தில் என்று சொல்லும் இந்த வாதம் நம் பெண்களுக்குப் புதிதும் இல்லை. ஒழுங்காகப் பூசினாயா, வெயிலில் போனாயா, பாதியில் விட்டுவிட்டாயா என்று வீட்டிலேயே கேட்டுவிடுவார்கள். நிறுவனம் அதை நீதிமன்றத்தில் சொல்ல நேர்ந்தது, அவ்வளவுதான்.

இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975இல் சந்தைக்கு வந்தது. ஆண்களுக்கென்று 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' வந்தது 2005இல். முப்பது வருடம் முன்பே தொடங்கி, தலைமுறை தலைமுறையாகப் பூசியவர்கள் பெண்கள். பேசப்பட்ட வழக்கோ ஓர் ஆணுடையது. இதில் தற்செயலும் இருக்கலாம். ஆனால் ஒரு பெண் அந்த வழக்கைப் போட்டால் அவள் எதையெல்லாம் வாக்குமூலமாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் கறுப்பு. கறுப்பாக இருப்பது குறை என்று நினைத்தேன். அதை மாற்றக் காசு கொடுத்தேன். மாறவில்லை, இன்னும் கறுப்பாகவே இருக்கிறேன். இந்த நான்கையும் அந்நியர் நிறைந்த அறையில் வைத்துச் சொல்ல வேண்டும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே குறுக்கு விசாரணை செய்வார். ஓர் ஆணுக்கு வேலை செய்யாத பொருள், வேலை செய்யாத பொருள்தான். கெட்டுப்போன ரேடியோவைப் போல அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெண்ணுக்கோ அந்தப் பொருள் தோற்றது தன்மேல் எழுதப்பட்ட தீர்ப்பாக இருக்கிறது. சட்டம் எல்லோருக்கும் ஒரே கதவைத் திறந்து வைத்திருக்கலாம். அந்த வாசல்படியின் உயரம் எல்லோருக்கும் ஒன்றில்லை.

பொய் விளம்பரத்தைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்கிய கதையில் முதலில் வருபவர் ஒரு பெண் என்பது சட்ட மாணவிகளுக்குத் தெரியும். 1891இல் லண்டனில் கார்பாலிக் ஸ்மோக் பால் என்றொரு கருவி விற்றார்கள். அதைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃபுளுயன்சா வந்தால் நூறு பவுண்டு தருகிறோம், நம்பிக்கைக்கு வங்கியில் ஆயிரம் பவுண்டு போட்டிருக்கிறோம் என்றது விளம்பரம். லூயிசா கார்லில் தினம் மூன்று வேளை, ஏறக்குறைய இரண்டு மாதம் அதை மூக்கில் வைத்து உறிஞ்சினார். பிறகு காய்ச்சலில் படுத்தார். பணம் கேட்டபோது நிறுவனம் சொன்னது: அது சும்மா விளம்பரத்துக்காகச் சொன்ன வார்த்தை, யாராவது நிஜமாக எடுத்துக்கொள்வார்களா? 1892இல் கீழ் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் கார்லில்தான் ஜெயித்தார். வங்கியில் பணம் போட்டுவிட்டுச் சும்மா சொன்னேன் என்று சொல்ல முடியாது என்றார்கள் நீதிபதிகள்.

நம் ஒப்பந்தச் சட்ட வகுப்புகளில் இன்றும் இந்த வழக்கில்தான் பாடம் தொடங்குகிறது. அந்தத் தீர்ப்பு ஒரு கோட்டைப் போட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம், சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்குறுதி. அந்தப் பக்கம், வியாபாரியின் வாய்வீச்சு. அதாவது 'உலகத்திலேயே சிறந்த காபி', 'அம்மாவின் அன்பைப் போன்ற எண்ணெய்' என்பதெல்லாம். முதலாவதற்குப் பொறுப்பு உண்டு, இரண்டாவதற்கு இல்லை. நூறு வருடத்துக்கும் மேலாக விளம்பரம் எழுதுகிறவர்களின் திறமை என்பது அந்தக் கோட்டின் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு இந்தப் பக்கத்துப் பலனை அறுவடை செய்வதுதான்.

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தத் திறமையை ஓரளவு புரிந்துகொண்டு எழுதப்பட்ட சட்டம். பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பது மட்டுமல்ல, பொய்யான உத்தரவாதம் தருவது, தரத்தைப் பற்றித் தவறான எண்ணம் வரச் செய்வது, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பது எல்லாமே தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020 ஜூலையில் செயல்பாட்டுக்கு வந்தது. அது விளம்பரத்தை நிறுத்தச் சொல்லலாம், திருத்தச் சொல்லலாம், உற்பத்தியாளருக்கும் அதில் நடித்தவருக்கும் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். நடித்தவரை ஒரு வருடம் வரையிலும், அடுத்தடுத்த தவறுக்கு மூன்று வருடம் வரையிலும் எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடுக்கலாம். பொய் விளம்பரம் வெளியிட்ட உற்பத்தியாளருக்கு இரண்டு வருடம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் அந்தக் குற்றவழக்கை நீங்களோ நானோ நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆணையம்தான் புகார் செய்ய வேண்டும். பெரிய கத்திதான், சாவி வேறொருவர் இடுப்பில் இருக்கிறது.

இதெல்லாம் நல்ல ஏற்பாடுகள். என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது.

2000களின் தொடக்கத்தில் ஓடிய ஒரு 'ஃபேர் அண்ட் லவ்லி' விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். வீட்டில் காபிக்குப் பால் இல்லை. ஒரு மகன் இருந்திருந்தால் என்று அப்பா பெருமூச்சு விடுகிறார். அது மகளின் காதில் விழுகிறது. அவள் கிரீம் பூசுகிறாள், வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள், அப்பாவைப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போய்க் காபி வாங்கித் தருகிறாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதற்கு எதிராக அரசிடமும் தேசிய மனித உரிமை ஆணையத்திடமும் போய் நின்றது. 2003இல் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது.

அந்த விளம்பரத்தில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்று, இந்தக் கிரீம் உன்னைச் சிவப்பாக்கும். இன்னொன்று, சிவந்த பெண்ணுக்குத்தான் வேலை கிடைக்கும், மதிப்பு கிடைக்கும், அப்பாவின் அன்பும் கிடைக்கும். முதல் வாக்கியம் பொருளைப் பற்றியது. சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். நியாசினமைடும் சூரியத் தடுப்பும் எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யாது என்று தோல் மருத்துவர்கள் சொல்லிவிடுவார்கள். நுகர்வோர் சட்டம் கையை வைப்பது இங்கேதான்.

இரண்டாவது வாக்கியத்தை எந்தச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது? அது பொய் என்று சொல்ல நமக்கு ஆசை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவை பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். 'சிவந்த நிறமுள்ள, குடும்பப் பாங்கான' என்று கேட்கிறவர்கள் யாருடைய விளம்பரப் படத்திலும் நடிக்கவில்லை. பெண் வீட்டார் 'மாநிறம்' என்று போடுகிறார்கள். அந்தச் சொல் நம் மொழியில் படும் பாட்டைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மாநிறம், நம் வீட்டுப் பெண்ணுக்கு மாநிறத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த விளம்பரங்களில் எது தவறாக வழிநடத்துவது என்று எந்த ஆணையமும் கேட்கப்போவதில்லை. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற உத்தரவாதத்தைத் தந்தவர் யாரென்றும் தெரியாது. அதை நம்பி வாங்குகிற குடும்பங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. சென்னையின் கெவின்கேர் நிறுவனம் 1998இல் 'ஃபேர்எவர்' கிரீமைக் கொண்டுவந்தபோது குங்குமப்பூவை முன்னால் வைத்து விற்றதில் ஆச்சரியமே இல்லை. வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிட்ட விளம்பரத்துக்கு அது இரண்டாம் பாகம்.

ஆக, இரண்டாவது வாக்கியம் அப்பட்டமான பொய்யும் இல்லை. சிவப்பான பெண்களுக்குச் சில கதவுகள் எளிதாகத் திறக்கத்தான் செய்கின்றன. இங்கேதான் பொய் என்ற சொல்லே நம்மைக் கைவிடுகிறது. பொய் என்றால் உலகம் ஒரு மாதிரி இருக்க, அதை வேறு மாதிரி சொல்வது. இந்த விளம்பரமோ உலகம் இருக்கிற மாதிரியே சொல்கிறது. சொல்லிச் சொல்லி உலகத்தை அந்த மாதிரியே வைத்திருக்கிறது. தினம் பத்து முறை, நாற்பது வருடம், கறுப்பான முகம் சோகமாகவும் வெளுத்த முகம் சிரித்தும் காட்டப்பட்டால், நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவரும் பெண் பார்க்க வருபவரும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

ஒரு கற்பனை செய்துபார்க்கலாம். நாளைக்கே ஒரு நிறுவனம் நிஜமாகவே வேலை செய்கிற கிரீமைக் கண்டுபிடித்துவிடுகிறது என்று வையுங்கள். பக்கவிளைவு இல்லை, ஆறே வாரத்தில் சொன்னபடி சிவப்பு. அட்டையில் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அப்போது அந்த விளம்பரத்தில் குற்றம் ஏதுமில்லை என்று நாம் ஒப்புக்கொள்வோமா? என்னால் முடியாது. உங்களாலும் முடியாது என்று நினைக்கிறேன். அப்படியானால் இத்தனை நாள் நம்மைக் கோபப்படுத்தியது அது பொய் என்பது மட்டுமல்ல. ஒரு பெண்ணிடம் நீ இருக்கிறபடி இருந்தால் போதாது என்று சொல்லிவிட்டு, அதற்கு விலையும் சொல்வது. தில்லி தீர்ப்பைப் படித்தபோது எனக்குள் இருந்த மகிழ்ச்சி பாதியிலேயே நின்றதற்குக் காரணம் இதுதான். கிரீம் சிவப்பாக்கவில்லை என்பதற்காக நிறுவனம் தண்டிக்கப்பட்டது. சிவப்பாக்கியிருந்தால்?

சட்டத்தில் இந்த இரண்டாவது வாக்கியத்தைத் தொடும் இடங்கள் சில உண்டு. கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994இன் விளம்பர நெறியில் இனம், சாதி, மதம் ஆகியவற்றோடு நிறத்தையும் இழிவுபடுத்தக் கூடாது என்றிருக்கிறது. விளம்பரத் துறையே தனக்காக 1985இல் அமைத்துக்கொண்ட விளம்பரத் தர மன்றம் 2014இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கறுத்த நிறமுள்ளவரை அழகற்றவராக, சோகமானவராக, கல்யாணச் சந்தையிலோ வேலையிலோ பின்தங்கியவராகக் காட்டக் கூடாது. 'முன்', 'பின்' படங்களில் 'முன்' படத்தில் இருக்கும் பெண்ணின் முகபாவம் வாட்டமாக இருந்துவிடக் கூடாது என்றும் சொன்னது. அதற்குப் பின்னால் சென்னையிலிருந்து 2009இல் கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தின் உழைப்பும், 2013இல் அதோடு சேர்ந்துகொண்ட நந்திதா தாஸின் குரலும் இருந்தன. ஆனால் அந்த நெறியைக் கவனித்துப் பாருங்கள். கறுப்பான பெண் இனிச் சிரித்துக்கொண்டே 'முன்' படத்தில் நிற்பாள். அவள் 'முன்' படத்தில் நிற்க வேண்டியிருப்பது மாறவில்லை.

பிறகு 2020 வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்டங்களின் சூடு இங்கேயும் பட, அந்த ஜூன் மாதக் கடைசியில் இந்துஸ்தான் யூனிலீவர் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டது. 'ஃபேர் அண்ட் லவ்லி' 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. ஆண்களுக்கான கிரீமுக்கு 'குளோ அண்ட் ஹேண்ட்சம்' என்று பெயர் வைக்கப்போக, அந்தப் பெயர் எங்களுடையது என்று இமாமி கிளம்ப, இரண்டு நிறுவனங்களும் நீதிமன்றப் படியேறின. நிறவெறிக்கு எதிரான மனமாற்றத்தின் முதல் விளைவு ஒரு வணிகப்பெயர்ச் சண்டை.

பெயர் மாறியதை வெற்றி என்று கொண்டாடியவர்களை நான் குறைசொல்லவில்லை. 45 வருடம் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சொல் போனது சின்ன விஷயமில்லை. ஆனால் கார்லில் வழக்கின் கோட்டை நினைவில் வைத்துப் பாருங்கள். 'சிவப்பழகு' என்பது சோதிக்கக்கூடிய சொல். நிறத்தை அளக்கக் கருவி இருக்கிறது, கடைகளில் கொடுத்த வண்ண அட்டைகூட இருந்தது. 'பொலிவு' என்பதை எதை வைத்து அளப்பது? பூசினேன், பொலிவு வரவில்லை என்று யார் வழக்குப் போட முடியும்? சட்டம் பொய்யைத் துரத்தத் துரத்த, விளம்பரம் பொய்யென்று நிரூபிக்க முடியாத சொற்களுக்குள் குடியேறிவிடுகிறது. படத்தில் வரும் பெண்ணின் நிறம் மட்டும் பழைய நிறமாகவே இருக்கிறது. நம் மொழியிலும் இது நடந்திருக்கிறது. சிவப்பழகு என்ற கூட்டுச்சொல்லை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து வைத்ததே இந்த விளம்பரங்கள்தான். 'சிவப்பு' ஒரு தனிச் சொல், 'அழகு' ஒரு தனிச் சொல் என்று சொல்லித்தர இப்போது தனியாகப் பாடுபட வேண்டியிருக்கிறது.

படித்த பெண்கள்கூட இதில் ஏமாறுகிறார்களே என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் ஆண்கள், சில சமயம் முற்போக்கான பெண்கள். இந்தப் பேச்சு எனக்கு ஒப்பாது. கிரீம் வாங்கும் பெண்ணுக்கு அது முழுசாக வேலை செய்யாது என்று தெரியாமல் இல்லை. பல பெண்களிடம் பேசிப் பார்த்தால் அரைகுறை நம்பிக்கையோடுதான் வாங்கியிருக்கிறார்கள். சின்ன சாஷேயில் வருகிறது, சில ரூபாய்தான், மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அம்மா வாங்கிவந்து கண்ணாடி முன் வைத்துவிட்டாள். அந்த நிலையில் அவள் செய்வது ஏமாறுவது இல்லை. தன்மேல் விழப்போகும் அடி கொஞ்சம் மெதுவாக விழட்டும் என்று கையை உயர்த்துவது. அம்மாவையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். தான் பட்டதை மகள் படக் கூடாது என்று நினைப்பவள் கையில் கிடைத்ததைத்தான் எடுப்பாள்.

கையில் கிடைப்பது எப்போதும் பாதிப்பில்லாததாக இருப்பதும் இல்லை. மருத்துவர் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு கிரீம்களைச் சிவப்பாவதற்கென்று மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, நிறுத்தினால் எரியும் முகத்தோடு தோல் மருத்துவரிடம் வருகிற பெண்கள் ஏராளம். 2018இல் மத்திய அரசு அத்தகைய கிரீம்கள் பலவற்றைச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலுக்கு மாற்றியது. பாதரசம் கலந்த கிரீம்கள் இன்னும் மோசம். கேரளத்தின் மலப்புறத்தில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள் அவர்கள் பூசிய சிவப்பழகு கிரீம்களில் போய் நின்றார்கள். பெரிய நிறுவனங்கள் இதில் எங்களுக்குப் பங்கில்லை என்பார்கள். அந்தக் கிரீம்களை அவர்கள் செய்யவில்லை, உண்மைதான். அவற்றுக்கான பசியை ஐம்பது வருடம் கிளறிவிட்டது யார்?

சட்டத்துக்குப் பெண் உடலைப் பற்றி எது உறுத்தும், எது உறுத்தாது என்பதையும் பார்த்துவிடலாம். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் 1954 என்றொரு பழைய சட்டம் இருக்கிறது. சில நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யவே கூடாது என்கிறது. கருக்கலைப்பு, கருத்தடை, மாதவிடாய்க் கோளாறு ஆகியவற்றுக்கான மருந்து விளம்பரங்களைப் பிரிவு போட்டே தடுக்கிறது. அட்டவணையில் 'பெண்களின் நோய்கள், பொதுவாக' என்றொரு வரி. பெண்ணின் மார்பக வடிவம் பற்றி இன்னொரு வரி. உயரமும் உடல்பருமனும்கூட உண்டு. தோல் நிறம் இல்லை. போலி வைத்தியர்களிடமிருந்து பெண்களைக் காப்பது ஒரு நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பாதி, பெண் உடலைப் பற்றி வெளியில் பேசுவதே அசிங்கம் என்ற கூச்சத்தில் பிறந்தது. கருத்தடை பற்றிப் பேசுவது உறுத்தியது, கறுப்பைக் குணப்படுத்துவது உறுத்தவில்லை. 2020 பிப்ரவரியில் தோல் சிவப்பாக்கலையும் அட்டவணையில் சேர்த்து, முதல் குற்றத்துக்கு இரண்டு வருடச் சிறை, 10 லட்சம் அபராதம் என்று ஒரு திருத்த வரைவை மத்திய அரசு வெளியிட்டது. வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தும் கேட்டார்கள்.

விளம்பரத்தில் நடிப்பவர்களின் பொறுப்பு இதில் ஒரு தனிச் சிக்கல். 2022இன் வழிகாட்டு நெறிகள்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதைப் பற்றிப் போதிய தகவலோ அனுபவமோ உள்ளவராக, தன் உண்மையான கருத்தைச் சொல்பவராக இருக்க வேண்டும். உரிய கவனத்தோடு விசாரித்துத்தான் நடித்தேன் என்று காட்டினால் அபராதத்திலிருந்து தப்பலாம். பிறவியிலேயே வெளுத்த தோலுள்ள ஒரு நடிகை எதை விசாரிப்பார்? கிரீமின் வேதியியல் அறிக்கையை வாங்கிப் படித்தாலும், அந்த விளம்பரத்தில் சாட்சியாக நிற்பது அவர் சொல்லும் வார்த்தை இல்லையே, அவர் தோல்தானே. அந்தத் தோல் கிரீமால் வந்ததில்லை என்று பார்ப்பவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், விளம்பரத்துக்கும் தெரியும். 2019இல் சாய் பல்லவி ஒரு சிவப்பழகு கிரீம் விளம்பரத்தை மறுத்தபோது அந்தச் சம்பளத்தின் தொகைதான் செய்தியானது. கோத்தகிரியில் பிறந்த அவர், நம்முடைய நிறம் இது என்பதைத்தான் காரணமாகச் சொன்னார். எந்தச் சட்டமும் அவரை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை.

தண்டனை எப்படி இருக்க வேண்டும் என்பதில் 2024இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஒரு விசாரணை எனக்குப் பிடித்திருந்தது. பதஞ்சலியின் மருந்து விளம்பரங்களுக்கு எதிராக இந்திய மருத்துவ சங்கம் தொடுத்த வழக்கு அது. நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டுவிட்டோம் என்றது. உங்கள் விளம்பரங்கள் எவ்வளவு பெரிதாக வந்தனவோ அதே அளவில் மன்னிப்பும் வந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். பெரிதாக்கிய நகல் வேண்டாம், பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டையே கொண்டுவாருங்கள், நிஜ அளவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அபராதத் தொகையைப் பற்றிய பேச்சில் கிடைக்காத ஒரு நீதி அந்தக் கேள்வியில் இருந்தது. சொன்ன அளவுக்குத் திருப்பிச் சொல்.

ஆனால் சிவப்பழகு விஷயத்தில் யாரிடம் திருப்பிச் சொல்வது? நுகர்வோர் சட்டத்தின்படி நுகர்வோர் என்பவர் விலை கொடுத்து வாங்கியவர் அல்லது அவர் அனுமதியோடு பயன்படுத்தியவர். தில்லி வழக்கில் அவர் 79 ரூபாய் கொடுத்தார், அதனால் அவருக்கு வழக்கு உண்டு. அந்த விளம்பரத்தைப் பார்த்து, கிரீமை வாங்கவே வாங்காமல், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பின்வரிசையில் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு வழக்கு இல்லை. 'கருவாச்சி' என்று பட்டப்பெயர் வாங்கியவளுக்கு இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் தங்கையைக் கேட்டுவிட்டுப் போன அக்காவுக்கு இல்லை. விளம்பரம் அவர்களையும் தொட்டது, வாங்கியவர்களைவிட ஆழமாகவே தொட்டது. ரசீது மட்டும் அவர்களிடம் இல்லை.

இதே 2019 சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. பொய்யான, தவறாக வழிநடத்தும் விளம்பரம் பொதுமக்களின் நலனுக்கோ நுகர்வோரின் நலனுக்கோ கேடாக இருந்தால் மத்திய ஆணையம் விசாரிக்கலாம், புகாரை மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய ஆணையத்துக்கோ எழுத்தில் அனுப்பலாம். 'பொதுமக்கள்' என்ற சொல் அங்கே இருக்கிறது. பொதுமக்களாக இருக்க எதையும் வாங்கியிருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு சொல்லை வைத்து, வாங்காத ஒரு பெண்ணின் சார்பில் மனு ஒன்றை எழுதிப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த சட்டக் கல்லூரி மாணவிகள் சிலரிடம் சொன்னேன். கெடுதலை விவரிப்பதில் அவர்களுக்குச் சிரமமே இல்லை, பக்கம் பக்கமாக எழுதினார்கள். பரிகாரம் என்ன கேட்பது என்ற இடத்தில்தான் எல்லோரும் நின்றார்கள். ஒருத்தி அபராதம் என்று எழுதி அடித்துவிட்டாள். இன்னொருத்தி தடை என்று எழுதி, பொலிவு என்ற சொல்லை எப்படித் தடை செய்வது என்று விட்டுவிட்டாள். மூன்றாவது மாணவி, உச்ச நீதிமன்றம் கேட்ட அந்த அளவைப் பிடித்துக்கொண்டாள். அதே தொலைக்காட்சிகளில், அதே நேரத்தில், அதே செலவில், கறுத்த பெண் எதையும் பூசாமல் நேர்முகத் தேர்வுக்குப் போய் வேலையோடு திரும்பும் படத்தை நிறுவனம் ஒளிபரப்ப வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

1975லிருந்து 2020 வரை கணக்குப் போட்டு 45 வருஷம் என்றாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். அளவு என்று வந்துவிட்டால் அளவுதானே மேடம் என்றாள் அவள், சிரிக்காமல்.